அட்டையில் இரண்டு பேர்

பிழை அக்காவைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அவள் இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்த அச்சகத்தில் போய்க் கேட்டால், அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று முதலாளி சத்தியம் செய்வார். அவள் வளர்த்த தம்பியும் தங்கையும்கூட அதையேதான் சொல்வார்கள். மூவருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. 

இதை எழுதுவதால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று பல நாள் பயந்துகொண்டிருந்தேன். ஒரு மனுஷி நாற்பத்து மூன்று வருடம் மூச்சு விட்டிருக்கிறாள், அதை யாராவது ஒரு தாளிலாவது சொல்ல வேண்டாமா என்று பிறகு கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால்தான் வேலை நடக்கும்.

அச்சகத்தில் நான் பக்கம் கட்டுகிறவன். எழுதியவர்கள் தருவதைக் கணினியில் அடித்து, புத்தகப் பக்கங்களாக அடுக்கித் தருவேன். அந்தப் பக்கங்களில் இருக்கும் பிழைகளைப் பிடிப்பது அவள் வேலை. “என் தப்பை வெச்சுத்தான் உங்க பிழைப்பே ஓடுது” என்று அடிக்கடி சீண்டுவேன். என்னைவிட மூன்று வயது சின்னவள். ஊரே அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அவள் அக்கா, அவளுக்கு நான் அண்ணா. இந்த உறவுமுறையை விளக்கச் சொன்னால் எனக்குத் தலை சுற்றும்.

அவளுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். கையில் பதினோரு வயதுத் தம்பி, இடுப்பில் நான்கு வயதுத் தங்கை. எங்கள் அச்சகத்தின் பைண்டிங் பகுதியில் தாள் மடிக்கத்தான் முதலில் சேர்ந்தாள். மடித்துக்கொண்டே படித்தாள். மூன்றாம் நாள் முதலாளி அறைக்குப் போய், அச்சாகி முடிந்த கணக்குப் பாடப் புத்தகத்தில் ஏழாவது விடை தப்பு என்று சொன்னாள். மடிக்க வந்தவள் மடிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அவர் கத்தினார். விடை தப்புத்தான். அடுத்த வாரமே அவளை மாடிக்கு மாற்றினார்.

பிழை என்றால் அவளுக்கு மருந்து பாட்டிலும் ஒன்றுதான், பேருந்துச் சீட்டும் ஒன்றுதான். பெண் கேட்டு ஒரு வீட்டிலிருந்து கடிதம் வந்தது. அதில் நான்கு பிழை. சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் அதோடு கப்சிப்.

“வேணும்னே பண்ணீங்களா அக்கா?” என்று கேட்டேன்.

“பிழையைப் பார்த்தா கை சும்மா இருக்க மாட்டேங்குதுண்ணா,” என்றாள். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, “சின்னது இப்பதான் ஆறாவது படிக்குது. நான் கிளம்பிப் போயிட்டா அதை யாரு பார்ப்பா?” என்றாள். இரண்டாவதாகச் சொன்னதுதான் காரணம். அப்புறம் அந்தப் பேச்சை அவளிடம் யாரும் எடுக்கவில்லை.

தம்பி வளர்ந்து அவனும் எங்கள் அச்சகத்துக்கே வந்தான். பிழை திருத்த இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மூலப்பிரதியை வாய்விட்டு வாசிக்க, மற்றவர் அச்சுப்படியில் கண் ஓட்டிக்கொண்டே வருவார். வாசிப்பவர் புள்ளி, கமாவைக்கூட விடக்கூடாது. “அவன் எழுந்தான் கமா கதவைத் திறந்தான் புள்ளி புதுப் பத்தி” என்று காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை தம்பியின் குரல் பலகைத் தடுப்பைத் தாண்டி என் அறைக்கு வரும். அதனால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். வீட்டிலும் வாய் தவறி “அக்கா கமா தண்ணி கொடு புள்ளி” என்பானாம். தங்கை ஒரு பல் மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கிற வேலையில் இருந்தாள். மூன்று பேரும் ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியிருந்தார்கள். தினமும் நாலு மணித் தேநீர் வந்ததும் பிழை அக்கா மருத்துவமனைக்குப் போன் போடுவாள். விஷயம் ஒன்றும் இருக்காது. தங்கை “ஹலோ” என்று சொல்வதைக் கேட்டால் போதும், வைத்துவிடுவாள்.

இப்படி இருந்தவர்கள் நடுவில்தான் அந்தக் குழந்தைகள் நாவல் வந்து விழுந்தது.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான மாயக் கதை. தட்டச்சு செய்த கட்டாகத் தபாலில் வந்தது. எழுதியவரை யாரும் பார்த்ததில்லை. முதலாளி ஏழெட்டுப் பக்கம் புரட்டிவிட்டு, நன்றாக விற்கும் என்று முடிவு கட்டினார். புத்தகம் வருவதற்கு முன்பே விளம்பரம் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால் அட்டையை முதலிலேயே வரையச் சொல்லி, எட்டாயிரம் அடித்து, பள்ளிக்கூடங்களுக்கும் கடைகளுக்கும் அனுப்பிவிட்டார். மிச்சம் மாடிப்படி ஓரத்தில் அடுக்கியிருந்தது. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட இரண்டு பிள்ளைகள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நிற்பார்கள். தலை வரை மூடியிருப்பதால் ஆணா பெண்ணா, பெரியதா சின்னதா என்று சொல்ல முடியாது. அந்தப் படிகளில் ஏறும்போது அவை எந்த நேரமும் திரும்பிப் பார்க்கும் என்று எனக்குத் தோன்றும். வேகமாக ஏறிவிடுவேன்.

கதை இதுதான். பெற்றோர் இல்லாத பிள்ளைகள் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். பெரியவள், நடுவன், சின்னவள். படிக்கட்டுக்கு அடியில் ஒரு புத்தகம் கிடைக்கிறது. அன்றன்று வீட்டில் நடப்பதெல்லாம் அதில் தானாக எழுதப்படுகிறது. அதன் முதல் பக்கத்தில் இப்படி இருக்கும்: ‘இந்தப் புத்தகம் வீட்டிலுள்ள பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை பிசகினால் புத்தகம் தன்னைத் திருத்திக்கொள்ளாது. வீடு தன்னைத் திருத்திக்கொள்ளும்.’

“எங்க வீடு மாதிரியே இருக்கு கமா,” என்று ரேடியோ சிரித்தான். அவன் வாசிக்க வாசிக்க, ஏழாம் அத்தியாயத்தில் பிழை அக்கா பேனாவை நிறுத்தினாள். ஆறு அத்தியாயம் வரை மூன்று பிள்ளைகள். ஏழிலிருந்து இரண்டு. என்ன ஆயிற்று என்று ஒரு வரி கிடையாது. சில இடத்தில் மூன்று தட்டு, சில இடத்தில் இரண்டு. எழுதியவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டாள். அந்தத் தெருவில் அப்படி ஒரு வீட்டு எண்ணே இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது. முதலாளியிடம் போனாள்.

“அட்டையில எத்தனை பேரு?” என்றார்.

“ரெண்டு.”

“அப்போ கதையிலயும் ரெண்டு. இதுக்கெல்லாமா என்கிட்ட வர்றது?”

யாரை எடுப்பது என்று அக்காவும் தம்பியும் யோசித்தார்கள். பெரியவள்தான் வீட்டை நடத்துகிறாள். சின்னவள்தான் புத்தகத்தைக் கண்டுபிடிக்கிறாள். நடுவன் அதை வாய்விட்டு வாசிப்பதைத் தவிர ஒன்றும் செய்வதில்லை.

“நடுவனைத் தூக்கிடுக்கா. யாருக்கும் தெரியாது,” என்று ரேடியோதான் சொன்னான். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து அதை என் காதால் கேட்டேன்.

நாற்பத்தோரு இடத்தில் நடுவனைச் சிவப்பு மையால் அடித்தாள். மூன்றையெல்லாம் இரண்டாக்கினாள். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் பொருத்துவது பிழை திருத்துகிறவர்களின் ரத்தத்தில் இருக்கிறது. வேறு யாராயிருந்தாலும் குழந்தைக் கதைதானே என்று விட்டிருப்பார்கள். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் எல்லாவற்றையும் கணினியில் மாற்றினேன். மூவரும் ஒன்றாகத்தான் படியிறங்கினோம்.

புதன்கிழமை காலை பத்து மணியாகியும் தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரேடியோவுக்குத் தொண்டை கட்டிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பிழை அக்கா என் அறைக்கு வந்தாள். 

“அண்ணா, என் தம்பி எங்க?”

“என்னைக் கேட்டா? வீட்டுல இருந்து உங்ககூடத்தானே வருவான்.”

“காலையில எழுந்து பார்த்தா ஆளைக் காணோம். சின்னதைக் கேட்டேன். ‘நமக்கு ஏதுக்கா அண்ணன்’னு கேக்குதுண்ணா. கிண்டல் பண்ணலை. நெத்தியில கை வெச்சு எனக்குக் காய்ச்சலான்னு பார்க்குது.”

அவள் அறைக்குப் போனேன். ரேடியோவின் நாற்காலி மேல் பழைய தாள்கட்டு ஒன்று இருந்தது. விரலை வைத்தேன். ஐந்தாறு வருடத்துத் தூசி அதில் இருந்தது. நேற்று மாலை அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவன் செருப்பு மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். முதலாளியிடம் ஓடிப்போய் ரேடியோ எங்கே என்று கேட்டேன். “ஆபீஸ்ல பாட்டெல்லாம் வேணாம்னு சொல்லியிருக்கேன்ல,” என்றார் அவர், தலையைத் தூக்காமல். பிழை அக்கா இத்தனை வருடமும் தனியாகத்தான் வாசித்துத் திருத்துகிறாள் என்றார். பைண்டிங் பகுதியிலும் அதே பதில். அச்சகம் முழுக்க அவனை ஞாபகம் வைத்திருந்தது நாங்கள் இருவர்தான். அவள் அடித்தாள், நான் மாற்றினேன். கை வைத்த இரண்டு பேர்.

“அவன் சட்டை மாட்டுற ஆணி இல்லண்ணா,” என்றாள். “ஆணி அடிச்ச ஓட்டைகூட இல்ல. சுவரு வழவழன்னு இருக்கு.”

அவள்தான் முதலில் அந்தப் புத்தகத்தின் வரிகளில் விரலை வைத்தாள். வீடு தன்னைத் திருத்திக்கொள்ளும். நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. எங்கள் தொழிலில் தவறி அடித்துவிட்ட சொல்லைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. அடித்த சொல்லின் கீழே புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினால் அடித்தது செல்லாது. நாற்பத்தோரு இடத்திலும் அவள் புள்ளி வைத்தாள். நாற்பத்தோரு முறை ‘இருக்கட்டும்’ என்று எழுதினாள். நான் ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தேன். அவசரத்தில் புதிதாகப் பிழை வேறு. அதையும் அவள் பக்கத்திலேயே நின்று பிடித்தாள்.

கடைசி இடத்தை முடித்தபோது மூன்றே முக்கால். தடுப்புக்கு அந்தப் பக்கம், “புள்ளி புதுப் பத்தி” என்று கேட்டது.

அவன் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தாள்கட்டும் இல்லை, தூசியும் இல்லை. “எங்கக்கா போயிட்ட, பாதியில விட்டுட்டு?” என்றான். பிழை அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க மூக்கைச் சிந்தினேன். தேநீர் வந்தது. சந்தோஷத்தோடு மருத்துவமனைக்குப் போன் போட்டாள். வேறு யாரோ எடுத்தார்கள். ஆறு வருடமாக இங்கே தொலைபேசி எடுப்பது நான்தான் என்றது அந்தக் குரல்.

“யாருக்குக்கா போன்?” என்றான் ரேடியோ.

“தங்கச்சிக்குடா.”

“யாரு தங்கச்சிக்கு?”

அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கதையில் மூன்று, அட்டையில் இரண்டு. எண்ணிக்கை மறுபடி பிசகிவிட்டது. இந்தத் தடவை வீடு தானாக ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

முதலாளியிடம் நாங்கள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அட்டையை மாற்றுங்கள் என்றோம். புத்தகமே வேண்டாம் என்றோம். அட்டை ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது, நாளை மாலை நாலு மணிக்கு அச்சுக்குப் போகிறது, இரண்டு பேரும் விடுப்பு எடுத்துக்கொண்டு நல்ல டாக்டராகப் பாருங்கள் என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஊரெங்கும் சுவர்களில் அந்த இரண்டு மஞ்சள் கோட்டும் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தன, எத்தனையைக் கிழிப்பது? அச்சேறும்போது எந்த இரண்டு பேர் கதையில் இருக்கிறார்களோ அவர்கள்தான் பிறகு எப்போதும் என்பது எங்களுக்குப் புரிந்துவிட்டது.

வியாழன் காலை அவள் அச்சுப்படியோடு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். பக்கமெல்லாம் சிவப்பு. பெரியவளை அடித்திருந்தாள். அவள் செய்கிற வேலைகளைப் பாதி நடுவனுக்கும் பாதி சின்னவளுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தாள். அறுபத்து மூன்று இடம்.

“இதை நான் அடிக்க மாட்டேன் அக்கா.”

“ஒன்பது மணிக்கே வந்து அட்டையை நல்லா பார்த்தேன். அட்டையில உள்ள ரெண்டும் யாரா வேணா இருக்கலாம். அந்தப் படத்துல மூஞ்சி இல்ல.”

“அடிக்க மாட்டேன்னு சொல்றேன்ல.”

“கீழ யாருகிட்ட குடுத்தாலும் அடிச்சுக் குடுப்பாங்கண்ணா.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “நீங்க அடிச்சா உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம கை வெச்சதாலதானே தம்பியை நாம மறக்கலை. நான் இருந்தேன்னு ஒரு ஆளுக்காவது தெரியணும்னு ஆசையா இருக்கு. இந்த ஒரு ஆசை எனக்கு இருக்கலாம்ல?”

அவளைத் திட்டினேன். முதலாளியைத் திட்டினேன், முகவரி இல்லாத எழுத்தாளரைத் திட்டினேன். பிறகு அடித்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மதியம் வரை அவள் தம்பியோடு உட்கார்ந்து, அவன் வாசிக்க வேறு ஏதோ விவசாயப் புத்தகத்தைத் திருத்தினாள். அவன் சாப்பாட்டு டப்பாவில் தன்னுடையதிலிருந்து பாதியை எடுத்து வைத்தாள். “எனக்கு எதுக்குக்கா இவ்வளவு?” என்று அவன் அலுத்துக்கொண்டான்.

மூன்றரைக்குத் திருத்திய பக்கங்களை அவளிடம் கொடுத்தேன். வழக்கம்போல் முதல் வரியிலிருந்து படித்தாள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு நடுவிலிருந்து ஒரு தாளை உருவினாள்.

“நூத்திப் பதினேழாம் பக்கம் அண்ணா. பெரியவ சின்னவளுக்கு ஷூ நாடா கட்டி விடுறா. ஒன்னு விட்டுட்டீங்க.”

“கண்ணுல படலை.”

“இருபத்து நாலு வருஷமா உங்க பிழை அத்தனையும் எனக்கு அத்துப்படி. இது உங்க பிழை மாதிரி இல்ல.”

நான் வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். ஒரே ஒரு வரியில் அவள் இருந்துவிட்டுப் போகட்டும், எட்டாயிரம் புத்தகத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவள் கோபப்படவில்லை. “அது இருந்தா எண்ணிக்கை மூணு. சின்னது வராது,” என்றாள். என் மேசை மேலிருந்த போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மருத்துவமனை எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது.

“இப்ப அடிங்கண்ணா.”

எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். கூடியவரை மெதுவாக. சின்னவள் தன் ஷூ நாடாவைத் தானே கட்டிக்கொண்டாள் என்று அடித்து, புள்ளி வைத்தேன். திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலி. போன் அதன் மேல் கிடந்தது. உள்ளிருந்து, “ஹலோ, பல் மருத்துவமனை, யாரு பேசறீங்க? ஹலோ?” என்று தங்கையின் குரல் கேட்டது. அந்தக் குரல் பிழை அக்காவின் காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் செய்வது அது ஒன்றுதான். மேசையில் கிடந்த தாளில் ‘அச்சிடலாம்’ என்பது ரேடியோவின் கையெழுத்தில் இருந்தது.

புத்தகம் வந்தது. முதலாளி சொன்னபடியே நன்றாக விற்றது. ரேடியோ இப்போது தானே வாசித்துத் தானே திருத்துகிறான். நல்லவன்தான். ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் குரல் கேட்கும்போதெல்லாம், எதிரே யாரும் இல்லாமல் யாருக்காகக் கமா சொல்கிறான் என்று தடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் தங்கை அச்சகத்துக்கு வந்து, ரேடியோவையும் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். ஒரு பிரதியை வாங்கிப் போய்ப் படித்திருக்கிறாள்.

“கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு இடம் இடிக்குதுண்ணா,” என்றாள். “அப்பா அம்மா இல்லாத ரெண்டு பிள்ளைங்க. ரெண்டும் பொடிசுங்க. அதுங்களுக்கு யாரு சமைச்சுப் போட்டா? யாரு வளர்த்தா? அதைப் பத்தி ஒரு வரிகூட இல்ல.”

“உங்களை யாரும்மா வளர்த்தாங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெற்றோர் போனபோது அவனுக்குப் பதினொன்று, அவளுக்கு நான்கு. அப்போது நடந்ததை இருவரும் தேடிப் பார்ப்பது தெரிந்தது.

“தெரியலண்ணா,” என்றான் ரேடியோ. “யோசிச்சதே இல்ல. நாங்களா வளர்ந்துட்டோம் போல.”

“நான் ஸ்கூல்ல சேர்ந்த ஃபாரம் வீட்டுல இருக்கு,” என்றாள் தங்கை. “இந்தக் கதையைப் படிச்சதும் தேடி எடுத்துப் பார்த்தேன். காப்பாளர் கையெழுத்துப் போடுற இடம் காலியா இருக்கு. வெறும் கோடு. கையெழுத்தே இல்லாம என்னை எப்படிச் சேர்த்துக்கிட்டாங்க?”

“அப்ப யாரும் சரியா பார்த்திருக்க மாட்டாங்க,” என்றான் அவன்.

அவள் என்னைப் பார்த்தாள். பதில் எனக்குத் தெரியும். இவர்களிடம் வாய்விட்டுச் சொன்னால் எண்ணிக்கை மூன்றாகி, இரண்டில் ஒருவர் காணாமல் போகலாம். தெரியலையேம்மா என்றேன்.